மூன்றாவது கையெழுத்து

போன வாரம் நான் படித்த இன்ஜினியரிங் காலேஜிலிருந்து போன் வந்தது. மூன்றாம் வருஷப் பிள்ளைகளுக்கு ஒரு மணி நேரம் பேச வேண்டுமாம். தலைப்பு, கம்யூனிகேஷன் ஸ்கில்ஸை வளர்த்துக்கொள்வது எப்படி. "நீங்கதான் மேடம் கரெக்டான ஆளு. உங்க பேட்ச்ல ஹெச்.ஆர்.ல போய் உட்கார்ந்தது நீங்க ஒருத்தர்தான்" என்றார் பேசியவர். வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். அங்கே நான் என்ன சொல்வேன் என்பது எனக்கே தெரியும். கண்ணைப் பார்த்துப் பேசுங்கள், தினமும் பேப்பர் படியுங்கள், கண்ணாடி முன்னால் நின்று பழகுங்கள். இந்தக் கருமத்தையெல்லாம் சொல்லிவிட்டு, சால்வையை வாங்கிக்கொண்டு வந்துவிடுவேன். நான் எப்படிப் பேசக் கற்றுக்கொண்டேன் என்பதை இங்கே எழுதி வைக்கிறேன்.

எங்கள் ஊர் ஓசூரை அடுத்து, கர்நாடக எல்லையோரம் இருக்கிற பாகலூர். வீட்டில் தெலுங்கு, பள்ளிக்கூடத்தில் தமிழ், சந்தையிலும் பஸ்ஸிலும் கன்னடம். எந்த இடத்தில் எது வரவேண்டுமோ அது தானாக வாயில் வரும். எங்கள் தெருவில் சின்னக் குழந்தைகூட மூன்றிலும் திட்டும். அதை ஒரு திறமை என்று எங்களில் யாரும் நினைத்ததே இல்லை. எனக்கு வாய் கொஞ்சம் நீளம் வேறு. "இவ வாயி இல்லன்னா நாய் தூக்கிட்டுப் போயிரும்" என்று அம்மா சொல்வாள்.

அம்மா சிப்காட்டில் ஒரு கம்பெனியில் பேக்கிங் லைனில் இருந்தாள். எட்டு மணி நேரமும் நிற்க வேண்டும். நாற்காலி கிடையாது, சுவரில் சாயக்கூடாது. வீட்டுக்கு வந்ததும் தரையில் படுத்துக் காலைத் தூக்கிச் சுவரில் வைத்துக்கொள்வாள். கெண்டைக்காலில் நரம்பு பச்சைப் பச்சையாகப் புடைத்திருக்கும். "நீ என்ன வேல வேணா செய்யி. உக்காந்து செய்யிற வேலயா பாத்துக்க" என்பாள். அவள் என்னிடம் கேட்டது அது ஒன்றுதான். எனக்கும் அந்த நாற்காலியைத் தவிர வேறு லட்சியம் எதுவும் கிடையாது.

எங்கள் காலேஜுக்கு வருகிற கம்பெனிகள் குறைவு. வருகிறதும் முக்கால்வாசி லைனுக்குத்தான் ஆள் எடுக்கும். ஒரே ஒரு உதிரிபாகக் கம்பெனி மட்டும் ஆபீஸ் வேலைக்கு எடுக்கும். மூன்றாம் வருஷம் பெங்களூரிலிருந்து ஒரு டிரெய்னர் வந்தார். எப்போதும் இஸ்திரி கலையாத சட்டை. முதல் நாளே மேடையில் நின்று, "உங்களுக்கெல்லாம் மூளை இருக்கிறது, வாய் இல்லை" என்று ஆங்கிலத்தில் சொன்னார். எங்களுக்கா வாய் இல்லை? நாங்கள் கை தட்டினோம்.

அவர் கொண்டுவந்ததுதான் அந்த அட்டை. உள்ளங்கை அகலம், மஞ்சள் நிறம், லேமினேட் செய்து சிவப்புக் கயிற்றில் கோத்தது. எங்கள் பேட்சுக்கே ஒன்றுதான். காலையில் காலேஜ் பஸ்ஸில் ஏறியதிலிருந்து சாயங்காலம் இறங்குகிறவரை ஆங்கிலம் மட்டும்தான் பேச வேண்டும். வேறு பாஷையில் ஒரு வார்த்தை வந்தாலும், ஏற்கெனவே அட்டை போட்டிருப்பவர் அதைக் கழற்றி அந்த ஆளின் கழுத்தில் மாட்டலாம். இரண்டு சாட்சி வேண்டும். நாலரை மணிக்கு அது யார் கழுத்தில் இருக்கிறதோ அவர் ஆபீசில் போய் ரிஜிஸ்தரில் கையெழுத்துப் போட வேண்டும். மூன்று கையெழுத்து ஆனால் கேம்பஸ் இன்டர்வியூ லிஸ்டிலிருந்து பெயர் போய்விடும். அவ்வளவுதான் சட்டம்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அட்டை போட்டிருப்பவரை மறுபடி பிடிக்க முடியாது. ஏற்கெனவே மாட்டியாகிவிட்டதே! ஆகவே எங்கள் பேட்ச் முழுக்க இஷ்டப்பட்ட பாஷையில் பேச உரிமை உள்ள ஒரே ஆள் அந்த அட்டைக்காரர்தான்.

ஒரு மாதத்தில் பஸ் சாவு வீடு மாதிரி ஆகிவிட்டது. ஐம்பது பேர் வாயைப் பொத்திக்கொண்டு ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டு போவோம். இங்கிலீஷ் வந்தவர்கள் நாலு பேர் மட்டும் பேசுவார்கள். மற்றவர்கள் அடுத்தவன் வாயையே பார்த்துக்கொண்டிருப்போம், எப்போது திறப்பான் என்று. டிரெய்னருக்கு அந்த அமைதி ரொம்பப் பிடித்திருந்தது. ஒழுக்கம் என்றார்.

என் முதல் கையெழுத்து கேன்டீனில், "சாம்பார் ஊத்துங்கண்ணா" என்றதற்கு. இரண்டாவது, பஸ்ஸில் தூங்கும்போது தெலுங்கில் உளறியதற்கு. தூக்கத்தில் பேசினதெல்லாம் சேருமா என்று நான் சண்டைக்குப் போனேன். ஆங்கிலத்தில் சண்டை போட வரவில்லை. தோற்றேன்.

எனக்கு ஒருத்தி சிநேகிதி. தளிக்குப் பக்கத்துக் கிராமம், கன்னட வீடு. அவள் அப்பா கொத்தமல்லியும் பீன்ஸும் போடுகிறவர். தமிழ் அவருக்கு மார்க்கெட்டில் விலை பேசுகிற அளவுக்குத்தான் வரும். அம்மா இல்லாத பெண், அப்பாதான் எல்லாம். அவளுக்கும் இரண்டு கையெழுத்து ஆகியிருந்தது. ஒன்று, கேட்டருகே நாய்க்குட்டியைக் கன்னடத்தில் கொஞ்சியதற்கு. இன்னொன்று, பரீட்சை ஹாலில் காப்பாத்தப்பா என்று சாமியிடம் முணுமுணுத்ததற்கு. அதற்குப் பிறகு அவள் வாயே திறப்பதில்லை. அப்பாவிடம், "காலேஜ் பக்கம் வராதே, வந்தாலும் என்கூடப் பேசாதே" என்று கண்டிப்பாகச் சொல்லி வைத்திருந்தாள். வந்து பேசினால் மாட்டிக்கொள்வோம் என்ற பயம். அந்த மனுஷனுக்கு அது எப்படிப் புரிந்ததோ, அப்போது நாங்கள் யோசிக்கவில்லை.

லிஸ்ட் ஒட்டப் போகிற நாள் ஒரு வியாழக்கிழமை. அன்று காலை லேபில் சால்டரிங் செய்துகொண்டிருந்தேன். சுடச்சுட இருந்த முனை என் கட்டைவிரலில் பட்டது. "ஐயோ அம்மா!" என்று கத்திவிட்டேன். பக்கத்து மேசைப் பையன் கழுத்தில்தான் அட்டை இருந்தது. அவன் ஓடி வந்தான். தண்ணீர் கொண்டுவருகிறான் என்று நினைத்தேன். அட்டையைக் கழற்றி என் கழுத்தில் மாட்டிவிட்டுக் குதித்தான். டிரெய்னரிடம் முறையிட்டேன். "சுட்டால் அவுச் என்று சொல்ல வேண்டும்" என்றார். மொத்தக் கிளாஸையும் எழுந்து நிற்க வைத்து மூன்று முறை அவுச் சொல்லப் பழக்கினார். நானும் விரலை வாயில் வைத்துக்கொண்டு சொன்னேன்.

நாலரைக்குள் அட்டையை யார் தலையிலாவது கட்டியாக வேண்டும். இல்லாவிட்டால் மூன்றாவது கையெழுத்து. அப்புறம் அம்மா நிற்கிற அதே லைனில் நானும் போய் நிற்க வேண்டியதுதான். வராண்டாவில் நான் நடந்தால் எல்லோரும் உதட்டைக் கடித்துக்கொண்டு ஒதுங்கினார்கள். ஒருவனைத் தொடையில் கிள்ளினேன். கண்ணில் தண்ணீர் வந்தது, "அவுச்" என்றான் படுபாவி.

மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவள் அந்தத் தளிக்காரி ஒருத்திதான். அவளுக்கும் ஒரு கையெழுத்துத்தான் மிச்சம், ஆனாலும் வந்து உட்கார்ந்தாள். பேசவில்லை. என் சுட்ட விரலைப் பிடித்துத் தன் மோர் டம்ளருக்குள் முக்கி வைத்தாள். நான் அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உண்மையைச் சொன்னால், அந்த நிமிஷம் எனக்கு நன்றி எதுவும் தோன்றவில்லை. இவளை எப்படிப் பேச வைப்பது என்றுதான் தோன்றியது.

வியாழக்கிழமை அவள் அப்பா கொத்தமல்லிக்கட்டு எடுத்துக்கொண்டு ஓசூர் மார்க்கெட்டுக்கு வருகிற நாள். அவர் நம்பர் என்னிடம் இருந்தது. அவள் என் போனிலிருந்து எத்தனையோ முறை பேசியிருக்கிறாள், நானும் அவரை அப்பா என்றே கூப்பிட்டுப் பேசியிருக்கிறேன். கை கழுவப் போகிற சாக்கில் வெளியே போய்ப் போன் போட்டேன். அட்டை என் கழுத்தில்தானே, எனக்கென்ன பயம்? கன்னடத்தில் நிம்மதியாகப் பேசினேன். "அப்பா, உங்க மகளுக்குக் காய்ச்சல் அடிக்குது. மயங்கி விழுந்துட்டா. மூணேகாலுக்கு கேட்டுக்கு வாங்க, நான் கூட்டிட்டு வர்றேன்" என்றேன். அந்தப் பக்கம் அவர் தராசை அப்படியே போட்டுவிட்டு ஓடுகிற சத்தம் கேட்டது.

மூணேகால் இடைவேளையில் அவளைக் கேட்டுக்குக் கூட்டிப்போனேன். ஏன் என்று கண்ணாலேயே கேட்டாள். "உங்கப்பா வந்திருக்காரு" என்றேன். அவள் முகம் வெளுத்தது. பின்னாலேயே ஆறேழு பேர் வந்தார்கள். யாருக்கு எத்தனை கையெழுத்து என்பது நோட்டீஸ் போர்டிலேயே இருக்கும். கூட்டத்துக்கு மோப்பம் பிடிக்கச் சொல்லித் தரவா வேண்டும்?

அவர் கேட்டுக்கு வெளியே மூச்சு வாங்க நின்றிருந்தார். சட்டையெல்லாம் ஈரம், மார்பில் மல்லித்தழை ஒட்டியிருந்தது. ஒரு கையில் சீவாத இளநீர், இன்னொரு கையில் காய்ச்சல் மாத்திரை. மகளைக் கண்டதும் நெற்றியில் கை வைத்தார். "ஏனாய்த்து மகா?" என்றார். என்னம்மா ஆச்சு என்று கேட்கிறார். அவள் உதட்டை இறுக்கிக்கொண்டாள். திரும்பக் கேட்டார். கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார், காய்ச்சல் இல்லையே என்றார்.

அவள் எங்கள் எல்லோரையும் ஒரு முறை பார்த்தாள். பிறகு ஆங்கிலத்தில், எழுதி வைத்துப் படிக்கிறவள் மாதிரி சொன்னாள். "ஐ ஆம் ஃபைன், ஃபாதர். ப்ளீஸ் கோ ஹோம்."

அப்பா என்று சொன்னால்கூட மாட்டிக்கொள்வாள் அல்லவா? அதனால் பெற்றவரை ஃபாதர் என்றாள். அவர் மகள் வாயிலிருந்து ஆங்கிலத்தை அதுவரை கேட்டதே இல்லை. காய்ச்சலில் உளறுகிறாள் என்று நினைத்தாரோ என்னவோ, ஒரு மாதிரி சிரித்தார். என் பக்கம் திரும்பினார். "ஏன் ஹேள்தாளே தாயி இவ்ளு?" என்று கேட்டார். இவள் என்னம்மா சொல்கிறாள்?

அந்த இடத்தில் அவருக்குப் பதில் சொல்லக்கூடியவள் நான் ஒருத்திதான். அவள் சொன்னது சின்ன விஷயம். எனக்கு ஒன்றுமில்லை, வீட்டுக்குப் போங்கள். நாலு வார்த்தை. என் வாயில் கன்னடம் எவ்வளவு சுத்தமாக வந்தது தெரியுமா? "நீங்க இங்க வரக்கூடாதாம் அப்பா. இந்தச் சட்டையும் கோலமுமா வந்து நின்னா, கூடப் படிக்கிறவங்க முன்னாடி மானம் போகுதாம். அதுக்குத்தான் வராதேன்னு முதல்லயே சொன்னாளாம். இனிமே வராதீங்கன்னு சொல்றா."

அவர் கோபப்படவில்லை. குனிந்து தன் சட்டையைப் பார்த்தார். மார்பில் ஒட்டியிருந்த மல்லித்தழையை எடுத்துக் கீழே போட்டார்.

அதைப் பார்த்துத்தான் அவள் உடைந்தாள். "இல்லப்பா! நான் ஹங்கே ஹேளில்லா! இல்லப்பா!" என்று தொண்டை கிழியக் கத்தினாள். நான் அப்படிச் சொல்லவில்லை என்று அவர் கையைப் பிடித்து உலுக்கினாள். சாட்சி இரண்டு என்ன, ஏழு பேர் இருந்தார்கள். அட்டையைக் கழற்றினேன். அவள் தலை வழியாக மாட்டினேன். ஜடையில் கயிறு சிக்கியது, அதையும் எடுத்து விட்டேன். யாரோ கை தட்டினார்கள்.

இப்போது அவள் எந்தப் பாஷையிலும் பேசலாம், என்னால் முடியாது. அவள் அழுதுகொண்டே அட்டை, கையெழுத்து, லிஸ்ட், நான் சொன்ன பொய், எல்லாவற்றையும் மூச்சு விடாமல் அப்பாவிடம் கொட்டினாள். அவர் தலையாட்டிக் கேட்டார். கேட்டுவிட்டு, நிஜமா என்பது போல என்னைப் பார்த்தார். "சாரி, அங்கிள்" என்றேன் ஆங்கிலத்தில். கிளாஸுக்கு நேரமாகிவிட்டது, போய்விட்டேன்.

நாலரைக்கு அவள் மூன்றாவது கையெழுத்தைப் போட்டாள். அன்று பஸ்ஸில் அட்டையோடு என் பக்கத்துச் சீட்டில் வந்து உட்கார்ந்து, ஓசூர் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் தமிழிலும் கன்னடத்திலும், என்னிடம் கற்றுக்கொண்ட தெலுங்கிலும் என்னைத் திட்டினாள். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி திட்டினாள். இறங்கும்போது, "நல்லா இருடி. நல்லா வாயாடியே பொழச்சுக்க" என்றாள். நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இன்டர்வியூவைப் பற்றிச் சொன்னால் சிரிப்பீர்கள். அந்தக் கம்பெனியிலிருந்து வந்தவர் தொப்பையும் தூக்கமுமாக இருந்தார். ஆங்கிலத்தில் என் பெயரைக் கேட்டார். அதோடு சரி. பைலை மூடிவிட்டு, "பாகலூரா? அப்ப கன்னடம் வரும்? தெலுங்கு?" என்றார். வரும் என்றேன். "பேசிக் காட்டும்மா." பேசிக் காட்டினேன். "இது போதும். லைன்ல நிக்கிறவங்க பாதிப் பேர் அந்தப் பக்கத்து ஆளுங்க. அவங்கள்ட்ட பேசத்தான் எனக்கு ஆள் இல்ல" என்றார். அவள் இருந்திருந்தால் அவளையும் எடுத்திருப்பார். ஒருவேளை என்னை விட்டுவிட்டு அவளை மட்டும்கூட எடுத்திருக்கலாம். வெளியே வந்து பாத்ரூமில் நின்று சிரித்தேன். கொஞ்ச நேரம் கழித்து வாந்தி எடுத்தேன்.

நாற்காலி கிடைத்தது. சக்கரம் வைத்த, சுழல்கிற நாற்காலி. ஆயுத பூஜை அன்று குடும்பத்தாரை உள்ளே விடுவார்கள். அம்மா வந்து அதில் உட்கார்ந்து ஒரு சுற்றுச் சுற்றினாள். "யப்பா, என்னா சுகம்டி" என்றாள். எழுந்திருக்க மனசே இல்லை அவளுக்கு.

என் வேலை பேசுவதுதான். ஆர்டர் குறைகிற மாதங்களில் கான்ட்ராக்ட் ஆட்களை நிறுத்துவார்கள். ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, நாளையிலிருந்து வர வேண்டாம் என்று நான் சொல்ல வேண்டும். "அவங்கவங்க பாஷைல சொல்லும்மா. அழுகை கம்மியா இருக்கும்" என்று மேனேஜர் சொல்லிக் கொடுத்தார். நிஜம்தான். தாய்மொழியில் மெதுவாகச் சொன்னால் முக்கால்வாசிப் பேர் தேங்க்ஸ் சொல்லிவிட்டுப் போகிறார்கள். வருஷா வருஷம் எனக்கு நல்ல பேர்.

அந்தத் தளிக்காரியின் அப்பாவைப் போன மாதம் பார்த்தேன். சாயங்காலம், ஓசூர் பஸ் ஸ்டாண்டில், தளி பஸ் நிற்கிற இடத்தில். நான் முகத்தைத் திருப்புவதற்குள் அவரே கண்டுகொண்டார். "நீனா தாயி?" என்று பக்கத்தில் வந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. கன்னடத்தில்தான் பேசினோம். மகள் எங்கே என்று கேட்டேன். எல்லை தாண்டி அத்திபெலே பக்கம் ஒரு கார்மெண்ட்ஸில் இருக்கிறாளாம், அங்கேயே ரூம் எடுத்துக்கொண்டு. நின்றுகொண்டே பார்க்கிற வேலையாம்.

"மாசத்துக்கு ஒரு தடவ போவேன். பீன்ஸ், மல்லி, ஏதாவது கொண்டு போவேன். கேட்டுல வாட்ச்மேன் கையில குடுத்துட்டு வந்துருவேன்."

"பாக்க மாட்டீங்களா?"

"வா வான்னு கூப்பிடுவா. நான் போறதில்ல தாயி. கூட வேல செய்யிறவங்க முன்னாடி நான் போயி நின்னா அவளுக்கு மானம் போகுமே." சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். துவைத்து மடித்த வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். "அன்னைக்கு அப்படிச் சொல்லவே இல்லன்னு இன்னைக்கு வரைக்கும் சத்தியம் பண்றா. எத்தனை வருஷமா அதையே பேசுறா." கையிலிருந்த பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். "நிஜ ஆகித்ரே அஷ்டொந்து யாக் மாத்தாட்பேக்கு?" என்றார். நிஜமாக இருந்தால் எதற்கு அவ்வளவு பேச வேண்டும்?

அவர் என் முகத்தையே பார்த்தார். "காய்ச்சல்னு நீ கூப்பிட்டது போகட்டும், அவ சொன்னத நீ ஒருத்திதான் மறைக்காம சொன்னவ. நீ சொல்லு தாயி. அவ அப்படித்தானே சொன்னா?"

கேட்ட விதத்தில் தெரிந்தது, இல்லை என்று நான் சொல்ல வேண்டும் என்று காத்திருக்கிறார். இத்தனை வருஷமாகக் காத்திருந்திருக்கிறார். ஒரே வார்த்தை. சொல்லியிருந்தால் தளி பஸ்ஸை விட்டுவிட்டு அப்படியே அத்திபெலே பஸ் ஏறியிருப்பார், மகள் ரூம் வாசலுக்கே போயிருப்பார். ஆனால் அதைச் சொன்னால் பொய் சொன்னது நான் என்று ஆகிவிடும். எதிரில் நிற்கிறவரிடம் எதை எப்படிச் சொன்னால் பிரச்சினை வராது என்பது எனக்கு இப்போது நன்றாகப் பழகிவிட்டது.

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். கண்ணைப் பார்த்தேன். குரலைத் தாழ்த்திக் கன்னடத்தில் சொன்னேன். "அப்ப அவளுக்குச் சின்ன வயசு அப்பா. தெரியாம சொல்லிட்டா. மனசுல வெச்சுக்காதீங்க."

அவர் அழவில்லை. தலையாட்டினார், பையிலிருந்து ஒரு மல்லிக்கட்டை எடுத்து என் கையில் கொடுத்தார், நல்லா இரு தாயி என்றார். தளி பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டார்.